ஒலியைக் குறைத்தால் போதாது

கார்ச் சாவியை நாளை உங்கள் கையில் தரப்போகிறேன். சாவியோடு சேர்த்துத் தரவேண்டிய மற்ற விஷயங்களை வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் எனக்கே குழம்பிவிடும். அதனால் எழுதுகிறேன். முப்பத்துமூன்று வயதில் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னதும் நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். சிரியுங்கள். ஆனால் வயிற்றில் பிள்ளையோடு இனி ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிள்ளை பிறந்த பிறகு நாங்கள் எந்த ஊரில் இருப்போம் என்றே தெரியாதபோது, திரும்பி வருவேன் என்று உங்களிடம் எப்படிச் சொல்ல?

நீங்கள் வெள்ளவத்தையில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பாடம் எடுக்க வந்தவர்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து பிள்ளைகளை ஏற்றி வருவதும் வேலையில் சேர்த்தி என்று வகுப்பு நடத்தும் சேர் சொன்னபோது உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் போனது. கல்வியியல் படித்துவிட்டு டிரைவர் வேலைக்கா வந்தேன் என்று அன்று வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன்.

"லைசன்ஸ் எடு எடு எண்டு நான்தானே கரைச்சல் குடுத்தனான். இப்ப என்னை ஏசு," என்றார்.

கொட்டாஞ்சேனைப் பெற்றோர் பிள்ளைகளைப் பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு அனுப்பப் பயப்படுகிறார்கள். குண்டு வெடிக்கும் காலத்தில் ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாங்களும் கொட்டாஞ்சேனையில்தான் இருக்கிறோம் என்பதால், சேரின் கார் இரவில் எங்கள் ஒழுங்கையில் நிற்கும். பின்னேரங்களில் என் மகள் அபியையும் இன்னும் மூன்று பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நான் வெள்ளவத்தைக்கு வருவேன். இனி அது உங்கள் வேலை.

பாடம் எப்படி எடுப்பது என்று நான் சொல்ல வரவில்லை. இது அந்தக் காரைப் பற்றியது. குறிப்பாக அதிலிருக்கும் ரேடியோவைப் பற்றியது.

கார் என்னைவிடக் கொஞ்சம்தான் இளையது. ரேடியோவும் அதோடு வந்ததுதான். அதில் கசெட் போடும் வாய் ஒன்று உண்டு. யாரோ எப்போதோ போட்ட பக்திப் பாடல் கசெட் ஒன்று அதற்குள் சிக்கி, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் கிடந்தது. நான் காரை எடுத்த காலத்தில் ரேடியோ மட்டும்தான் பாடும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு ஒரு மணித்தியாலம் ஆகும். செக்பொயின்ட்டில் வரிசை நீண்டால் இன்னும் கூட. ஒரு நாள் சேர் போகிற போக்கில் சொன்னார்: "ஒரு மணித்தியாலம் பிள்ளையள் காருக்குள்ள சும்மா இருக்கினம், என்ன டீச்சர்." அவர் என்னைச் செய்யச் சொல்லி எதையும் கேட்கவில்லை. இப்போது யோசித்தால் அது வெறும் பேச்சாகவே இருந்திருக்கலாம். ஆனால் என் காதில் எதுவும் வெறும் பேச்சாக விழுவதில்லை. அன்றிரவே அந்த ஒரு மணித்தியாலத்தை என்ன செய்வது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

என் கணவரின் தம்பி ரொறன்ரோவிலிருந்து அபிக்கு ஒரு எம்.பி.3 பிளேயர் அனுப்பியிருந்தார். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. பாட்டும் கேட்கலாம், குரலும் பதியலாம். அபியிடம் கெஞ்சி அதை வாங்கி, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, பரீட்சைக் கேள்விகளை என் குரலிலேயே பதிந்தேன். ஒரு கேள்வி, பிறகு பிள்ளைகள் பதில் சொல்வதற்கு ஒரு இடைவெளி, பிறகு அடுத்த கேள்வி. நடுவில் ஓரிடத்தில் அடுப்பிலிருந்த குக்கர் விசிலடித்தது. திரும்பப் பதியலாமா என்று யோசித்தேன். திரும்பப் பதிந்தால் நன்றாக வந்த கேள்விகள் பிழைத்துவிடுமோ என்று தோன்றியது. விசிலை அப்படியே விட்டுவிட்டேன்.

பிளேயரின் சத்தத்தை அந்தக் கிழட்டு ரேடியோவில் எப்படி வரவைப்பது என்பதுதான் சிக்கல். வயர் சொருக அதில் துளை கிடையாது. கசெட் வாயோ அடைபட்டுப்போயிருந்தது. புறக்கோட்டையில் ஒரு கடையில் விசாரித்தேன். கடைக்கார முஸ்லிம் நானா கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து பெருவிரல் அளவில் ஒன்றை எடுத்து வைத்தார்.

"இத சிகரட் பத்தவைக்கிற ஓட்டைல சொருகுங்க தங்கச்சி. வயர பிளேயர்ல குடுங்க. இதுல ஒரு நம்பர் தெரியும், அதே நம்பர கார் ரேடியோல திருப்புங்க. பாட்டு வரும்."

"வயர் ரேடியோவுக்குப் போகாதா?"

"போகாது. இது காத்துல அனுப்பும். சின்ன ரேடியோ ஸ்டேஷன் மாதிரி. இனி நீங்கதான் அறிவிப்பாளர்," என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். வீட்டில் என் கணவருக்குச் சொன்னபோது இவர் மட்டும் சிரிக்கவில்லை. "இந்தக் காலத்தில ரேடியோ ஸ்டேஷன் வைக்க உமக்கு ஆர் பெமிஷன் தந்தது?" என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார் என்று அப்போது நினைத்தேன். பிறகு இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு, எல்லாரும் வாங்குகிறார்கள்தானே என்று சமாதானப்பட்டேன்.

அது நன்றாகவே வேலை செய்தது. பிள்ளைகளுக்கு முதல் நாளே பிடித்துப்போனது. குக்கர் விசில் வரும் இடத்தில் நால்வரும் சேர்ந்து விசிலடிப்பார்கள். கொச்சிக்கடையிலிருந்து வரும் இரட்டையரில் ஒருத்தி சொன்ன விடையையே மற்றவளும் சொல்வாள். ஜெரோம் என்ற பையன் கேள்வி முடியுமுன் பதிலைச் சொல்லிவிடுவான். பாதி பிழையாக இருக்கும், அதைப் பற்றி அவனுக்குக் கவலை கிடையாது. அபிக்கு விடை தெரியும். ஆனால் சரிதானா என்று உள்ளுக்குள் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். அதற்குள் ஜெரோம் சொல்லி முடித்திருப்பான்.

"கேள்வி கேட்டதும் யோசிக்காமல் சத்தமாகச் சொல்ல வேணும்," என்று அவளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். பரீட்சையில் நேரம் முக்கியம் அல்லவா?

அதே காரில், அதே குரலில் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்திருந்தேன். செக்பொயின்ட் தெரிந்ததும் பைகள் மடியில். கைகள் பைகளின் மேல். வாய் மூடியிருக்க வேண்டும். ஆமிக்காரர் பெயர் கேட்டால் பெயரை மட்டும் சொல்லலாம். தமிழில் கதைக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, விரலால் எதையும் காட்டக் கூடாது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் அம்மாமாரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு பழக்கம் உண்டு. மண்மூட்டைகள் கண்ணில் பட்டதும் கை தானாகப் போய்த் தமிழ்ப் பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிடும். எங்களில் கார் வைத்திருக்கும் எல்லாரும் செய்வதுதான். சிலர் சிங்கள நிலையத்துக்கு மாற்றிவிடுவார்கள். அது நடிப்புப் போல எனக்குக் கூச்சமாக இருக்கும். நான் சத்தத்தைக் குறைப்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

அன்றைக்கும் குறைத்தேன்.

நல்ல வெயில். ஏதோ கிரிக்கெட் மட்ச் நடந்துகொண்டிருந்தது. வழிநெடுகக் கடைகளில் வர்ணனைதான் கேட்டது. கொச்சிக்கடை தாண்டும்போது எங்கள் நம்பரில் வேறு நிலையம் ஒன்று குறுக்கிட்டதால், கொஞ்சம் தள்ளி வேறு நம்பரில் வைத்திருந்தேன். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் வரிசை. எங்களுக்கு முன்னால் ஒரு வானை நிறுத்தி, உள்ளேயிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ வீடு மாறுகிறார்கள். மெத்தை, மேசை மின்விசிறி, சாமிப் படங்கள் எல்லாம் றோட்டில் இருந்தன.

இளம் ஆமிக்காரன் ஒருவன் வந்து என் அடையாள அட்டையை வாங்கினான். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று போட்ட அட்டையை எவ்வளவு நேரம் பார்ப்பார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். பார்த்தான், திருப்பிப் பார்த்தான். முன்னால் வான் நகராததால் அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு போய், இடப்பக்கம் இருந்த மண்மூட்டைச் சுவரில் சாய்ந்து நின்றான். சுவரின் மேல் ஒரு சின்ன ரேடியோ மட்ச்சைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் அதைத் தொடலாம்.

வர்ணனையாளர் யாரோ பந்து போட ஓடிவருவதைச் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் குரல் இரைச்சலில் மறைந்தது. பிறகு ஒரு பெண் குரல் தெளிவாகக் கேட்டது.

"இலங்கையின் தேசிய மலர் எது?"

என் குரல்தான். ஆனால் அந்தக் கணத்தில் அது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. பதிந்த குரலை நான் எப்போதும் காருக்குள்தான் கேட்டிருக்கிறேன். வெளியிலிருந்து, ஆமியின் ரேடியோவிலிருந்து அது வந்தபோது வேறு யாரோ ஒரு கடுமையான பெண் பேசுவது போல் இருந்தது.

பிறகுதான் விளங்கியது. நான் குறைத்தது கார் ரேடியோவின் சத்தத்தை. பிளேயர் ஓடிக்கொண்டே இருந்தது. சிகரட் துளையில் இருந்த அந்தப் பெருவிரல் அளவுச் சாமான், நான் தள்ளி வைத்த புது நம்பரில், மட்ச் வந்த அதே இடத்தில், என் கேள்விகளைக் காற்றில் அனுப்பிக்கொண்டே இருந்தது. காருக்குள் அமைதி. காருக்கு வெளியே நான் பேசிக்கொண்டிருந்தேன்.

இளம் ஆமிக்காரன் ரேடியோவை எடுத்துத் தட்டினான். குமிழைத் திருகினான். வர்ணனை ஒரு சொல் வந்தது, போனது. "ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை மீற்றர்?" என்றது ரேடியோ. அவன் சார்ஜன்ட்டைக் கூப்பிட்டு, தமிழில் ஏதோ வருகிறது என்றான்.

சார்ஜன்ட் வானை விட்டுவிட்டு வந்தார். நாற்பது வயதிருக்கும். தலையைச் சாய்த்துக் கேட்டார். தமிழ் விளங்காத ஒருவர் அதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் ஒரு வசனம் சொல்கிறாள். நிறுத்துகிறாள். அளந்தெடுத்தது போல அதே இடைவெளி. பிறகு இன்னொரு வசனம், யாருக்கோ இரகசியச் செய்தி சொல்வது போல.

அவர் எங்களைப் பார்க்கவில்லை. காரில் இருப்பது சேலை கட்டிய ஒரு டீச்சரும் யூனிஃபோம் போட்ட நாலு பிள்ளைகளும். அவர் பார்த்தது மேலே. றோட்டுக்கு எதிர்ப்பக்கம் நாலு மாடி வீட்டுத்தொகுதி ஒன்று இருந்தது. மூன்றாம் மாடியில் ஒரு பெண், தமிழ் என்று பார்த்ததும் தெரியும்படி பொட்டுடன், நைட்டியில், உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். சார்ஜன்ட் அந்த பல்கனியைக் கையால் காட்டினார். இரண்டு ஆமிக்காரர் துவக்கைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டு றோட்டைக் கடக்கத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும்.

எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. கையை நீட்டிப் பிளேயரை நிறுத்தலாம். ஆனால் செக்பொயின்ட்டில் கையைக் கீழே கொண்டுபோனால் என்ன நடக்கும்? வாயைத் திறந்து, அது என் குரல் என்று சொல்லலாம். சொன்னால் என்னைக் கொண்டுபோவார்கள். பின்னால் இருப்பவர்களில் மூன்று பேர் மற்றவர்களின் பிள்ளைகள். அல்லது, சும்மா இருக்கலாம். வான் நகரும், அட்டை திரும்பி வரும், நான் போனதும் அந்தக் குரலும் என்னோடு போய்விடும். ஆனால் மூன்றாம் மாடிக்கு அவர்கள் ஏறிப் போய்விடுவார்கள்.

செக்பொயின்ட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கேட்காததைச் சொல்லாதே என்பது என் கணவர் எனக்குச் சொல்லித்தந்த விதி. என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னச் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது என்று நினைத்தேன். அதைத் தவிர வேறெதுவும் நினைக்க முடியவில்லை.

"இலங்கையின் மிக நீளமான ஆறு எது?" என்றது ரேடியோ.

"மகாவலி கங்கை," என்றான் ஜெரோம், பின் சீட்டிலிருந்து, கணீரென்று.

அபி அவன் வாயைப் பொத்திய சத்தம்கூட எனக்குக் கேட்டது.

மகாவலி கங்கை சிங்களத்திலும் மகாவலி கங்கைதான். சார்ஜன்ட் திரும்பினார். றோட்டைக் கடந்துகொண்டிருந்த இருவரும் நடுவில் நின்றார்கள். இளம் ஆமிக்காரன் ரேடியோவையும் ஜெரோமையும் மாறி மாறிப் பார்த்தான்.

நான் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, தெரியும்படி உயர்த்தினேன். சிங்களத்தில் சொன்னேன்: "சேர், அந்த ரேடியோவில் வருவது என் குரல். நான் டீச்சர். இவர்களுக்கான பாடம்."

"உன் குரல் எப்படி என் ரேடியோவுக்குள் வந்தது?"

"இந்த வயரால்…"

"கையை வைக்காதே."

வைக்கவில்லை. அவர் ஜன்னலுக்குள் குனிந்து, சிகரட் துளையையும் வயரையும் பிளேயரையும் பார்த்தார். சிவப்பாக ஒரு நம்பர் எரிந்துகொண்டிருந்தது. குண்டுகள் வெடிக்கும் இந்த நாட்களில் வயரும் சிவப்பு வெளிச்சமும் ஒரு காருக்குள் இருந்தால் அதைப் பார்ப்பவர் முகம் எப்படி மாறும் என்பதை நான் அன்றுதான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். மற்றவர்களும் போனார்கள்.

"அடுத்தது என்ன வரும் என்று சொல்கிறேன், சேர்," என்றேன். என் சிங்களம் உடைந்து உடைந்து வந்தது. "அடுத்தது, இலங்கையின் உயரமான மலை எது என்று கேட்கும். அது முடிந்ததும் குக்கர் விசிலடிக்கும்."

"என்ன அடிக்கும்?"

"குக்கர், சேர். சோறு அவிக்கிற குக்கர்."

எல்லாரும் மண்மூட்டை மேலிருந்த ரேடியோவைப் பார்த்தோம். நானும்தான். விசில் இந்தக் கேள்விக்குப் பிறகா, அல்லது அடுத்த கேள்விக்குப் பிறகா என்று அந்த வேளையில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இலங்கையின் மிக உயரமான மலை எது?" என்றது என் குரல்.

காருக்குள் யாரும் பதில் சொல்லவில்லை. இடைவெளி நீண்டுகொண்டே போனது. பிறகு குக்கர் விசிலடித்தது. நீளமாக, எங்கள் வீட்டுக் குசினியில் அடிப்பது போலவே.

இளம் ஆமிக்காரன் சிரித்துவிட்டான். சார்ஜன்ட் சிரிக்கவில்லை. அவனிடம் திரும்பி, "மலை எது? சொல்லு பார்ப்போம்," என்றார்.

"ஸ்ரீ பாத, சேர்."

"இல்ல, பிதுருதலாகல," என்றான் ஜெரோம்.

அபியின் கை விரல்களுக்கு இடையால் வந்த சத்தம் அது. சார்ஜன்ட் அவனைப் பார்த்தார். பிறகு அந்த ஆமிக்காரனின் தொப்பியில் ஒரு தட்டுத் தட்டினார். "நீ அந்தக் காருக்குள் போய் இரு," என்றார்.

அதோடு கதை முடிந்தது என்றுதான் சேர் பெற்றோர் கூட்டங்களில் இதைச் சொல்வார். முடியவில்லை. பிள்ளைகளை இறக்கினார்கள். புத்தகப் பைகளை நடைபாதையில் கொட்டினார்கள். சிகரட் துளையில் இருந்த டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள், அது திரும்பி வரவில்லை. சேருக்குத் தொலைபேசி எடுத்து நான் டீச்சர்தானா என்று விசாரித்தார்கள். அவ்வளவு நேரமும் நால்வரும் கைகளைத் தொங்கவிட்டபடி வெயிலில் நின்றார்கள். இரட்டையரில் ஒருத்தி அழுதாள், மற்றவளும் அழுதாள். எதிர் மாடிப் பெண் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு இன்றைக்கும் ஒன்றும் தெரியாது.

அடையாள அட்டையைத் திருப்பித் தரும்போது சார்ஜன்ட் கேட்டார்: "ஏன் நோனா முதலே சொல்லவில்லை? சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷ வேலை."

அவர் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியாது. முதலே சொல்லியிருந்தால் வேறு மாதிரியும் போயிருக்கலாம். அந்த இரண்டு பேரும் மாடிப்படி ஏறுமுன் நான் வாய் திறந்திருப்பேன் என்று சில நாட்களில் நம்புகிறேன். சில நாட்களில் நம்புவதில்லை. ஜெரோம் எனக்கு முந்திவிட்டான். அந்தக் கேள்விக்கு என் விடை என்ன என்பது எனக்கே தெரியாமல் போய்விட்டது.

அடுத்த நாள் ஜெரோமின் அம்மா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். துறைமுகக் கந்தோர் ஒன்றில் வேலை. வேலைக்குப் போகும் உடுப்போடேயே வந்திருந்தார். அவர் என்னை ஏசப்போகிறார் என்று நினைத்து, முந்தின இரவெல்லாம் பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

"சொறி டீச்சர். இவன்ட வாய் இருக்கே, பொறக்கும்போதே தொறந்துட்டான், இன்னும் மூடல்ல. நல்லா குடுத்தன் நேத்து."

"அவனை அடிச்சனீங்களா?"

"பின்ன? வாயத் தொறக்கக் கூடாதுண்டு நீங்க எத்தன தரம் சொல்லிக் குடுத்திருக்கீங்களாம். அபி சொல்லிச்சே."

தயார் பண்ணி வைத்த பதில் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. "அவன் பிழை விடேல்லை," என்றேன். "கேள்வி கேட்டா உடன பதில் சொல்ல வேணும் எண்டும் நான்தான் சொல்லிக் குடுத்தனான்."

அவர் கைப்பையைத் தோளில் மாட்டினார். "அப்ப அடி உங்களுக்குத்தான் விழுந்திருக்கணும்," என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். பாதி பகிடிதான். அன்று பின்னேரமும் ஜெரோமை அனுப்பினார். இரட்டையரின் அப்பாதான் ஒரு வாரம் அனுப்பவில்லை.

பிறகு கொஞ்ச நாட்கள் அந்த இளம் ஆமிக்காரன் எங்கள் காரைக் கண்டதும் "ஆ, மகாவலி," என்று கையசைத்துப் போகவிடுவான். ஜெரோமுக்குப் பெருமை. சேருக்கு அதைவிடப் பெருமை. "இனி எங்களுக்கு அங்க பிரச்சினை இல்லை," என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருவன் முகம் தெரிந்தவன் என்பதை நம்பிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக முடியுமா? அடுத்த மாதம் அவனை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவனுக்கு மகாவலி யார் என்று தெரியாது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

பாடத்தை நிறுத்திவிடலாம் என்று என் கணவரிடம் சொன்னேன். "நிப்பாட்டினா பிள்ளையள் தாங்கள்தான் பிழை செய்தனாங்கள் எண்டு நினைக்குங்கள்," என்றார். சிலவேளை இவர் சொல்வது சரியாகவும் இருக்கும். பொரளைப் பக்கம் ஒரு கடையில் காரைக் கொடுத்து, சிக்கியிருந்த பக்திப் பாடல் கசெட்டைப் பிடுங்கி எடுக்கச் செய்தேன். இப்போது கசெட் வடிவத்திலேயே ஒன்று, வாலில் வயரோடு, அந்த வாய்க்குள் இருக்கிறது. அது காற்றில் எதையும் அனுப்பாது. பிளேயரின் சத்தம் வயர் வழியே வந்து காருக்குள் மட்டும் கேட்கும். கொஞ்சம் கரகரக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வயரைப் பார்த்ததும் காரின் காலடிப் பாய்க்குக் கீழே ஒளித்துவைக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒளிக்காதீர்கள். டாஷ்போர்டின் மேல், வெளியே நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்படி போட்டு வையுங்கள். கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். சிங்களத்தில் அதைச் சொல்லும் வசனத்தை வீட்டிலேயே பழகிக்கொண்டு வாருங்கள். அந்த நேரத்தில் தேடினால் சொல் கிடைக்காது.

வரிசையின் வால் தெரிந்ததுமே, மண்மூட்டை தெரிவதற்கு முதல், பிளேயரையே நிறுத்திவிடுங்கள். சத்தத்தைக் குறைப்பது போதாது. நிறுத்தியதும், "வகுப்பு முடிஞ்சுது," என்று பிள்ளைகளுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். தாண்டிய பிறகு, "இப்ப தொடங்கலாம்," என்று சொல்லுங்கள். எந்த நேரம் எந்த விதி என்று அவர்கள் தாங்களாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விடாதீர்கள். அது பெரியவர்களுக்கே முடியாத காரியம். அன்று நான் முடிவெடுக்காமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், பின் சீட்டில் இருந்த இரண்டு பிள்ளைகள் எனக்காக முடிவெடுத்தார்கள். ஒருவன் வாயைத் திறந்தான், ஒருத்தி அந்த வாயைப் பொத்தினாள்.

அன்றிரவு அபி கேட்டாள்: "அம்மா, ஜெரோம் சொன்னது சரியா, நான் பொத்தினது சரியா?"

"ரெண்டும் சரிதான்," என்றேன்.

"ஒரு கேள்விக்கு ஒரு விடைதானே சரியா இருக்கும்?"

ஐந்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை அப்படித்தானே கேட்பாள். படு, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை. என்ன சொல்வது என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. பரீட்சை முடியும்வரை அபி உங்கள் வண்டியில்தான் வருவாள். கேள்விகள் இப்போதும் என் குரலில்தான் இருக்கின்றன, விசிலோடு. ஜெரோம் முன்பு போலவே முந்திக்கொண்டு சொல்வான். அபிதான் மாறிவிட்டாள். கேள்வி முடிந்ததும் அவள் வாய் திறப்பதில்லை. முதலில் தலையை நிமிர்த்தி, டிரைவரின் கண்ணாடியில் என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையாட்டினால்தான் விடை வரும். என் முகத்தில் அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பதற்றம் இல்லாத முகமொன்றைக் காட்டப் பார்க்கிறேன். அது சரியாக வருவதில்லை, அவளும் அதைக் கண்டுபிடித்துவிடுகிறாள்.

உங்கள் முகமும் அவளுக்குப் பழகிவிடும். உங்களையும் அப்படியே பார்ப்பாள். தலையாட்டாதீர்கள், சிரித்துக் காட்டவும் வேண்டாம். அவளாக வாய் திறக்கும்வரை, அந்த இடைவெளி எவ்வளவு நீண்டாலும் நீங்கள் றோட்டைப் பாருங்கள்.